எதிர்வீட்டு ஜன்னலுக்கு ஒரு எருக்குவியல்

எங்கள் எம்மென்டால் பள்ளத்தாக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் வசதியை அறிய வீட்டுக்குள் போகவேண்டியதில்லை. வாசலில் இருக்கும் எருக்குவியலைப் பார்த்தால் போதும். என் வீட்டுக்காரர் நிக்லவுஸின் குவியல்தான் ஊரிலேயே பெரியது. சாணி தோய்ந்த வைக்கோலை வளைத்து, பெண்பிள்ளைக்குப் பின்னுகிற மாதிரி, ஓரம் முழுக்க ஜடை போட்டிருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் அவர் வாசலில் எருவைப் பின்னுவார். நான் அடுக்களையில் ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கு மாவை நீளமாகத் திரித்து ஜடையாகப் பின்னுவேன். என் ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை மனுஷன்.

அவர் யாருக்காகப் பின்னினார் என்று எனக்குத் தெரியும். சாலைக்கு அந்தப் பக்கம் ரோசெட் வீடு. இளவயதில் இவர் அவளைப் பெண் கேட்டுப் போயிருக்கிறார். அவளுடைய அப்பா இவர்கள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாட்டுச் சாணிய வச்சுக்கிட்டு எம் பொண்ண எப்படிப்பா காப்பாத்துவ?" என்று கேட்டு அனுப்பிவிட்டாராம். கல்யாணமான மறுவாரமே என் மாமியார் இதை எனக்குச் சொல்லிவிட்டார். ரோசெட் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவும் இல்லை. அது வேறு என் வயிற்றெரிச்சல்.

அந்தப் பேச்சு அவரை விடவில்லை. நிலத்தில் பாதியைத் தீவனப்புல்லுக்கு ஒதுக்கினார். புல் கூடியதும் மாடு கூடியது. மாடு கூடியதும் எரு கூடியது. எரு விழுந்த இடத்தில் கோதுமை ஆளை மறைத்தது. அதன் வைக்கோல் மறுபடி தொழுவத்துக்கே வந்தது. கொடுத்துவைத்தவள் என்று என்னைச் சொல்வார்கள். மண்ணாங்கட்டி! இத்தனை மாடும் இத்தனை கோதுமையும் எதிர்வீட்டு ஜன்னலுக்குக் காட்டத்தானே?

குவியலைக் கொல்லைப்பக்கம் மாற்றச் சொல்லிப் பார்த்தேன். ஈ மொய்க்கிறது என்றேன், நாற்றம் தாங்கவில்லை என்றேன். அசையவில்லை. ஒருமுறை ரோசெட் சாலையில் நின்று, பின்னல் அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவர் உருளைக்கிழங்கு வறுவலை இரண்டாம் தட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

இந்த இலையுதிர்காலத்தில் ரோசெட்டுக்கு முழங்கால் போய்விட்டது. மாடுகளை விற்றுவிட்டு, பெர்ன் நகரத்தில் இருக்கும் தங்கையோடு தங்கப் போய்விட்டாள். அவள் ஏறிய வண்டி வளைவில் மறைந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. இனி பின்னுவதெல்லாம் நம் வீட்டுக்குத்தான் என்று, அந்தச் சனிக்கிழமை மாவில் ஒரு முட்டை கூடுதலாகவே சேர்த்துப் பிசைந்தேன்.

சாயங்காலம் அவர் அடுப்போரத்தில் சுங்கானில் புகை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் குவியல் சரிந்து கிடந்தது.

"என்னங்க, இன்னைக்குப் பின்னலையா?"

"யாரு பாக்கப் போறா, லீனா?"

காலையும் மாலையும் பால்வாளியோடு அந்தக் குவியலைத் தாண்டித்தான் இத்தனை வருஷமும் நடந்திருக்கிறேன். நான் பார்க்க மாட்டேனா என்று வாய்வரைக்கும் வந்தது. பாதி பின்னியிருந்த மாவைப் பிரித்து, வெறும் உருண்டையாக உருட்டி அடுப்பில் வைத்தேன்.

மறுநாள் காலையில் அவர் அந்த ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டார். பின்னல் இல்லாததை அவர் கவனிக்கவே இல்லை.