ஒன்று இல்லை, இரண்டு இல்லை

கட்டைவிரலால் அழுத்தினால் ‘டக்’ என்று ஓர் எண் கூடும் சிறிய எஃகுக் கருவி ஒன்றை இப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பேன். ஓசூர் தொழிற்பேட்டையில் கியர் செய்யும் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தபோது, ஷிஃப்டுக்குள் நுழையும் ஆட்களை அதை வைத்துத்தான் எண்ணுவேன். இன்று அதைக் கையில் உருட்டிக்கொண்டு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நாற்காலிகள் இருபத்திரண்டு. அவற்றில் கால் ஆடுபவை மூன்று. என் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போய் இன்றோடு பதினொரு நாள். ஒவ்வொரு முறை அந்தக் கதவு திறக்கும்போதும் என் பெயரைத்தான் கூப்பிடப் போகிறார்களோ என்று எழுந்து நிற்கிறேன். இந்தப் பதினொரு நாளும் கடவுளிடம் நான் ஒரு சொல் பேசவில்லை. பேசினால், நாங்கள் இங்கே இருப்பது அவர் கண்ணில் பட்டுவிடுமோ என்று ஒரு பயம்.

அதனால்தான் எங்கள் ஆலையின் பராமரிப்புப் பொறியாளர் நினைவுக்கு வருகிறார். மும்பைக்காரர், யூதர். வாயில் காவலர் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டதில்லை; பதிவேட்டில் ‘யாதவர்’ என்று எழுதிவிட்டார். பொறியாளர் அதைத் திருத்தவில்லை. “இருக்கட்டும், ரெண்டு பேருக்கும் மாடு மேய்ச்ச தாத்தாதான்” என்று சிரிப்பார்.

அவருடைய ஒரே மகன் பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டான். மும்பையில் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து துக்கம் காத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். தேநீர் வேளையில் என்னிடம் மட்டும் சொன்னார்: இறந்தவருக்காகச் சொல்லும் பிரார்த்தனை ஒன்று உண்டு, மகனுக்காக அதை முப்பது நாள் சொல்ல வேண்டும். அதில் சாவு என்ற சொல்லே வராது, கடவுளைப் புகழ்வது மட்டும்தான். ஆனால் பத்து ஆண்கள் கூடாமல் அதைச் சொல்ல முடியாது. “என் பையனை எடுத்துக்கிட்டவனை நான் புகழணும். சரி, புகழறேன். அதுக்கும் பத்து ஆள் வேணுமாம். ஓசூர்ல நான் ஒரே ஆளு.”

எண்ணிக்கையில் குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், உலைக்கூடத்தின் பின்புறம் வேப்பமரத்தடிக்கு எட்டுப் பேரைத் திரட்டினேன். கிருஷ்ணகிரி பாய், பாகலூரிலிருந்து வரும் கன்னடக்காரர் இருவர், திருநெல்வேலி வெல்டர், இன்னும் நால்வர். என்னோடு ஒன்பது, அவரோடு பத்து. அவரை அழைத்துவந்து நிறுத்தி, ஒவ்வொருவரையும் விரலால் சுட்டிக் கருவியை அழுத்தினேன். “ஒன்னு, ரெண்டு, மூணு...”

அவர் பாய்ந்துவந்து கருவியைத் தன் கையால் மூடினார். “மனுஷங்களை எண்ணக் கூடாது சார்! எண்ணியே ஆகணும்னா ‘ஒன்னு இல்ல, ரெண்டு இல்ல’ன்னு எண்ணணும்.”

“கண்ணு பட்டுடும்னு எங்கம்மாவும் சொல்லும்” என்றார் பாய். “நம்ம கணக்கு சாருக்கு இது ஆகாதே. ஷிஃப்டுக்கு ஒருத்தனும் வரலைன்னுல்ல எழுதணும்!”

எல்லோரும் சிரித்தார்கள். மகன் போனபின் முதல்முறையாகப் பொறியாளரும் சிரித்தார். பிறகு தயங்கித் தயங்கி, பத்துப் பேரும் யூதர்களாக இருந்தால்தான் செல்லும் என்றார். என் முகம் வாடிவிட்டது. பாய்தான், “செல்லாட்டி போவுது. நாங்க சும்மா நிக்கறோம், நீங்க பேசுங்க சார்” என்றார்.

அவர் தங்கள் புனித நகரம் இருக்கும் மேற்குத் திசைக்குத் திரும்பினார். அந்தப் பிரார்த்தனையைச் சொல்லவில்லை. மராத்தியில் ஏதோ பேச ஆரம்பித்தார். குரல் ஏறியது, விரல் ஆடியது. பழுதான உதிரிபாகங்களை அனுப்பிய ஆளை அவர் இப்படித்தான் திட்டுவார். முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கடவுளைத் திட்டலாமா?” என்று பதறிப்போய்க் கேட்டேன்.

“திட்டலாம். எங்க ஆளுங்க ரொம்பக் காலமாத் திட்டறாங்க. பேச்சை நிறுத்தறதுதான் தப்பு. ரெண்டு பக்கமும் பேசலைன்னா அப்புறம் என்ன இருக்கு?”

முப்பதாம் நாள்வரை வேலைநாள் தவறாமல் நின்றோம். சில நாள் ஏழு பேர், ஒரு நாள் பன்னிரண்டு. நான் எண்ணவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், மனத்துக்குள் எண்ணினேன்.

சற்றுமுன் கதவு திறந்தது. ஒரு செவிலி எட்டிப் பார்த்தாள். “தாத்தா, உங்க வீட்டாளுங்க எத்தன பேரு? பாஸ் மாத்தணும்.”

கட்டைவிரல் பழக்கத்தில் கருவிக்குப் போயிற்று. விரலை எடுத்துவிட்டேன். மகன், மருமகள், மகள், மச்சினன், நான். “ஒன்னு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல, நாலு இல்ல, அஞ்சு இல்ல...” உள்ளே படுத்திருப்பவளை எப்படி விடுவது? “ஆறு இல்ல.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆறு இல்லை என்றால் ஐந்துதான் என்று மேலே இருப்பவர் எடுத்துக்கொண்டால்?

“என்ன தாத்தா, அஞ்சா ஆறா?”

கருவியைப் பைக்குள் போட்டேன். பதினொரு நாளுக்குப் பிறகு மேலே பார்த்து, விரலை நீட்டி, தாழ்வாரமே திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன்: “ஆறு! இல்லன்னு சொன்னது கண்ணு படாம இருக்கறதுக்கு. நீ பாட்டுக்கு அத நெசம்னு எடுத்துக்காத. ஆறு பேரு நாங்க. கேக்குதா?”