மும்தாஜ் மீட்டுக் கொடுத்த படங்கள்

வெள்ளிமலையில் பேருந்துக்குக் காத்திருந்தபோது மும்தாஜின் தங்கை பர்வீன் அழைத்தார். "சார், அக்கா மவுத்தாயிட்டாங்க. கடை தொறக்கப் போனவங்க நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்க..." கள்ளக்குறிச்சியில் மடிக்கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த மும்தாஜ் இறந்தபோது வயது நாற்பத்தாறுதான். அந்தக் கடைப்படி ஏறிய உங்களில் ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒன்று இருக்கும். என்னுடையது இது.

கல்வராயன் மலையில் வன நிலத்தில் தலைமுறைகளாகப் பயிர்செய்யும் குடும்பங்களுக்காகப் பட்டா கேட்டு மனு எழுதுவது என் வேலை. அறுபத்திரண்டு குடும்பங்களின் நிலங்களை நடந்து நடந்து படமெடுத்து, ஒரு பழைய மடிக்கணினியில் வைத்திருந்தேன். வேறெங்கும் பிரதி இல்லை. விசாரணைக்கு நான்கு நாள் இருக்கையில், மெதுவாக ஓடுகிறதே என்று நானே அதில் புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் போட உட்கார்ந்தேன். பாதியில் மின்சாரம் போனது. பேட்டரி செத்துப் பல வருடம். மின்சாரம் வந்தபின் கணினி எழவில்லை. பதற்றத்தில் மறுபடி ஆரம்பித்தேன். பழையதை அழிக்கவா என்று கேட்டது; சரி என்று அமுக்கினேன். அதுவும் முடிவுவரை போகவில்லை.

"இன்னா சார் பண்ணீங்க?" என்றார், மறுநாள் தன் கடையில் கணினியைத் திருப்பிப் பார்த்த மும்தாஜ்.

"நடுவுல கரண்ட் போயிடுச்சு மேடம்."

"அப்புறம் எதுனா அமுக்கினீங்களா?"

"இல்லை" என்றேன். வெட்கம்தான் காரணம்.

என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, ஹார்ட் டிஸ்கைக் கழற்றினார். "இதுல கை வெக்க மாட்டேன். மொதல்ல முழுசா ஒரு காப்பி. தேடுறதெல்லாம் அந்தக் காப்பிலதான்." பழைய டிஸ்க் சூடேறி டக்கென்று நிற்கும். சின்ன விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு, ஆறும்வரை காத்திருந்து மறுபடி தொடங்குவார். வந்தவர்களையெல்லாம் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினார். பிரதி எடுத்து முடிக்கவே அந்தப் பகல் முழுதும் ஆனது.

மறுநாள் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. கண் கலங்கிவிட்டது. பிறகுதான் கவனித்தேன், நான் வைத்திருந்த பெயர்கள் போய் எல்லாவற்றிலும் வெறும் எண்கள்.

"படம் வந்துடுச்சு, பேரு வரல. எது யாரு நெலம்னு தெரியுமா?"

"பாதி தெரியும். மீதி அவங்களுக்குத்தான் தெரியும்."

"அப்ப அவங்ககிட்டயே போவலாம்."

சொல்லோடு நிற்கவில்லை. அடுத்த நாள் காலை தன் மடிக்கணினியோடு பேருந்து நிலையத்தில் நின்றார். அதுவரை அவர் மலைக்கு வந்ததில்லை. வளைவுப் பாதை என்றாலே குமட்டும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே மேலே வந்து சேர்ந்தார். இறங்கியதும் முகம் கழுவிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

கணினியைச் சுற்றி ஊரே குந்தியது. மீதிப் படங்களெல்லாம் எனக்கு ஒரே மேடாகத் தெரிந்தன. அவர்களுக்கு அப்படி இல்லை. "இது எங்க காடும்மா. அந்தப் பாறைமேல நிக்கிது பாரு, எங்க ஆடு!" என்று கத்தினார் சின்னப்பொண்ணு என்ற பெண்மணி. மும்தாஜ் சிரித்துக்கொண்டே அவர் பெயரைத் தட்டினார். பொழுது சாய்வதற்குள் அறுபது குடும்பங்களின் படங்களுக்குப் பெயர் வந்துவிட்டது. இரண்டு குடும்பங்களின் படங்கள் எங்கும் இல்லை. டிஸ்கில் அவை இருந்த இடத்தில் நான் மறுபடி போட முயன்ற சிஸ்டம் எழுதப்பட்டிருந்தது.

"உங்களுது கெடைக்கலீங்க. எல்லா இடமும் தேடிட்டேன்" என்று அவர்களிடம் அவரே போய்ச் சொன்னார்.

திரும்பும் பேருந்தில், அழிக்கவா என்று கேட்டதற்கு நானே சரி என்று அமுக்கிய உண்மையைச் சொன்னேன்.

"டிஸ்கைப் பாத்த மொத நாளே தெரியும் சார்."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டிருந்தா அதுக்கு வேற ஒரு கதை சொல்லிக்கினு இருப்பீங்க. நமக்கு நேரம் கம்மி." எலுமிச்சம்பழத்தை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார். "அந்த ரெண்டு வூட்டுக்கும் மட்டும் நீங்களே சொல்லிடுங்க."

அறுபது மனுக்களும் குறித்த நாளில் விசாரணைக்குப் போயின. மறுவாரம் நான் மலையேறி, தவறு என்னுடையது என்று இரண்டு வீடுகளிலும் சொன்னேன். ஒரு வீட்டில் தண்ணீர்கூடத் தரவில்லை. இன்னொரு வீட்டில் ஆண்டி என்ற பெரியவர், "சொல்லிட்டீங்க இல்ல, வாங்க, மறுபடி படம் புடிங்க" என்று முன்னால் நடந்தார். இரண்டு நிலங்களையும் மறுபடி படமெடுத்தேன்; அவர்கள் மனுக்கள் அடுத்த அமர்வுக்குத்தான் போயின. மாதம் தவறாமல் மும்தாஜ் அழைப்பார். "அந்த ரெண்டு வூடு இன்னா ஆச்சு?" இரண்டு பட்டாவும் கைக்கு வந்த பிறகே அந்தக் கேள்வி நின்றது.

பிறர் செய்த தவறின் முன்னால் கோபப்படாமல், அடுத்து செய்ய வேண்டியதைப் பார்க்கும் பழக்கம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அது அவர் கொடுத்தது. சென்ற வாரம் ஒருவர், மனுவோடு சேர்க்கவேண்டிய மூலப் பத்திரத்தைப் பேருந்திலேயே விட்டுவிட்டு வந்து நின்றார். திட்ட வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். எந்த வண்டி, எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன். பிறகு இருவருமாகப் பேருந்துப் பணிமனைக்கு வெயிலில் நடந்தே புறப்பட்டோம். மும்தாஜைத் தெரிந்திராவிட்டால், அந்த வெயிலில் நான் அந்த மனிதரோடு நடந்திருக்கவே மாட்டேன்.