சென்னிமலையின் ஊசிக்கு வராத சிங்கம்

கஞ்சிக்கோட்டுக்குக் கிழக்கே சென்னிமலை என்பவருக்குக் கொஞ்சம் கடலைக்காடும் ஒரு கிணறும் இருந்தன. அந்தப் பக்கத்தில் வேறெந்த ஆம்பளைக்கும் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும்: பூத்தையல்.

பெரிய சண்டையின்போது பஸ்ராவுக்குக் கோவேறு கழுதை ஓட்டப் போனவர் அவர். குண்டு எதுவும் அவரைத் தொடவில்லை. தான் ஓட்டிய கழுதையே உதைத்ததில் இடுப்பு முறிந்து, பம்பாய் ஆஸ்பத்திரியில் வந்து படுத்தார். அங்கே ஒரு வெள்ளைக்கார நர்ஸம்மா, சும்மா கிடந்தால் மனசு கெட்டுவிடும் என்று எல்லார் கையிலும் ஊசியும் நூலும் கொடுத்தாள். அவளிடம் இருந்ததோ ஒரே ஒரு மாதிரிப் படம். ஒட்டகம். மீசை வைத்த சிப்பாய்களும் கழுதைக்காரர்களும் வரிசையாகப் படுத்துக்கொண்டு ஒட்டகம் தைத்தார்கள்.

ஊர் திரும்பிய பிறகு அவர் ஊசியைத் தொடவேயில்லை. ஏரும் ஏற்றமும் விட்டால்தானே? பல வருஷம் கழித்து ஒரு தைப்பொங்கல் நோம்பிக்கு வந்த மகளும் மருமகனும் போய்விட்டார்கள். அறுவடை முடிந்து மாடுகள் கட்டுத்தறியில் அசை போட்டுக்கொண்டிருந்தன. வீட்டில் சத்தமே இல்லை. சென்னிமலை ஒரு தலையணை உறையை எடுத்து மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். கை மறக்கவில்லை.

மனைவி கமலாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, கழுதைக்கு முதுகுல கட்டி கெளம்பியிருக்குதா?"

"ஒட்டகம் புள்ள."

"கட்டியில்லாம ஒண்ணு போடுங்க."

போட்டார். முயல் போட ஆரம்பித்தார். காது நீண்டு கழுத்தாயிற்று. தாமரை போட்டார், நடு இதழ் திமிலாக எழுந்து நின்றது. ஒரு வாரத்தில் துண்டு, பாய்விரிப்பு, மாட்டுக்குப் போர்த்தும் சாக்கு எல்லாவற்றிலும் ஒட்டகம் நின்றது. கமலாத்தாள் தன் சேலைகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

அவளுடைய அண்ணன் சின்னையன் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா. வரப்போகும் அம்மன் நோம்பிக்குச் சன்னதித் திரை கிழிந்து கிடக்கிறதே என்ற கவலையில் இருந்தவர், வீட்டுக்கு வந்து இந்தத் தையலைப் பார்த்ததும் துள்ளினார்.

"மாப்பிள்ளை, ஆத்தாளுக்குச் சிங்கம் ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க."

"மச்சான், எனக்கு வர்றது இது ஒண்ணுதானுங்க."

"நாலு காலு, ஒரு வாலு. அதுல என்னங்க வித்தியாசம்?"

சிவப்புத் துணி வந்தது. அடுப்புக்கரியால் சிங்கம் வரைந்துகொண்டு சென்னிமலை தைத்தார். பிடரிமயிர் மெல்ல நகர்ந்து முதுகுக்குப் போய்விட்டது. பிரித்தார். இரண்டாம் தடவை வாலிலிருந்து தொடங்கினார். அதுவும் தேறவில்லை. மூன்றாம் தடவை கமலாத்தாளே எதிரில் உட்கார்ந்து காவல் காத்தாள்.

"மேல போகாதீங்க. சிங்கத்துக்குக் கழுத்து கட்டைங்க."

"தெரியும் புள்ள."

"தெரிஞ்சும் எதுக்குங்க மேல போறீங்க?"

"நானெங்க போறேன்? ஊசி போவுது."

அதற்குள் நோம்பி வந்துவிட்டது. வேறு திரை இல்லை. பூசாரி வேலப்பன் கண்ணை மூடிக்கொண்டு அதையே கட்டினார். கொட்டு முழங்கியது. ஆத்தாளுக்கு முன்னால் ஒட்டகம் நிமிர்ந்து நிற்பதைக் கண்டு கூட்டம் கும்பிட்ட கையைக் கீழே இறக்கிவிட்டது. சென்னிமலை தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். அந்த நேரம் பார்த்துக் கமலாத்தாளுக்கு அருள் வந்தது.

கூந்தல் அவிழ ஆடிக்கொண்டே திரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"டேய் சென்னிமலை!"

இத்தனை வருஷத்தில் 'ஏனுங்க' தவிர வேறு எதுவும் அந்த வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. கைகூப்பியபடி ஓடிவந்தார்.

"என் சிங்கம் எங்கடா?"

"வரலீங்க ஆத்தா."

"இது ஆருடா?"

"ஒட்டகமுங்க."

"என்ன திங்கும்?"

"முள்ளுத் திங்குமுங்க."

"தண்ணி?"

"ஒருக்காக் குடிச்சா ரொம்ப நாளைக்குக் கேக்காதுங்க."

அந்த வருஷம் கிணறெல்லாம் அடி தெரியக் கிடந்தது. கமலாத்தாள் ஆடுவதை நிறுத்தித் திரையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சிங்கத்துக்கு இந்த ஊருல எவனாவது தீனி போட்டீங்களாடா? இது இருந்துட்டுப் போவுது."

சொல்லிவிட்டு மயங்கி விழுந்தாள். சின்னையன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூட்டம் முழுக்கப் போட்டுக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் சென்னிமலை கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். கமலாத்தாள் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் என்னமோ சொன்னனாமே?"

"'டேய்'னு சொன்ன."

"அது ஆத்தா சொன்னதுங்க." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "ஏனுங்க, நெசமாவே முள்ளுத் திங்குமுங்களா?"

"பக்கத்துல போயி நான் எங்க பாத்தேன்? பட்டாளத்துல பேசிக்கிட்டாங்க."

"அப்ப ஆத்தாகிட்டக் காதுல கேட்டதச் சொன்னீங்களா?"

சென்னிமலை பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். அவள் சிரித்துவிட்டாள். சிரித்தவள் ஆத்தாளா கமலாத்தாளா என்று தெரியாமல் அவர் சட்டென்று எழுந்து கைகட்டி நின்றதை, அவர் காலத்துக்குப் பிறகும் அவள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு சித்திரை மழை வந்து உழவு தொடங்கிவிட்டது. ஆனால் ஒவ்வொரு தை முடியும்போதும் ஊரே துணியோடு வந்தது. தொட்டிலுக்கு, மணவறைக்கு, வண்டிக் கூண்டுக்கு. யாரும் வேறு மிருகம் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அம்மன் நோம்பிக்கு முந்தின நாள் பூசாரி வேலப்பன் வீடு தேடி வந்தார். கையில் ஒரு கொத்து வேலம்முள்.

"ஏனுங்க, இதக் கழுவிப் படைக்கோணுமா, அப்படியே வெச்சரலாமுங்களா?"

சென்னிமலை கமலாத்தாளைப் பார்த்தார். அவள் கொஞ்சம் யோசித்து, தூசியிருந்தால் இருமும், கழுவிவிடுவதுதான் நல்லது என்றாள்.