அண்ணனின் பத்து மணி

சர்வேசுரனுக்குத் தோத்திரம். என் பங்கு சனங்களுக்கு நான் இதை எழுதுவது என் பெருமைக்காக அல்ல. பெருமைப்பட இதில் எனக்கு ஒன்றும் இல்லை.

1934ஆம் வருஷம் நாற்பது நாள் தபசு காலத்தில் என் அண்ணன் சவரிமுத்து பேசுவதை நிறுத்திவிட்டார். ராசிபுரம் கடைத்தெருவில் அவருக்குத் தையல் வேலை. ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு திருநாளுக்கு ஊரே துணி கொடுத்திருந்த நேரம். ஒரு நாள் மத்தியானம், பாதி தைத்த சட்டையைக் கையில் பிடித்தபடி வீட்டுக்கு வந்தார். நேராக உள் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். காய்ச்சல் இல்லை, யாரோடும் சண்டை இல்லை. கேட்டால் பதில் இல்லை. சாயங்காலம் வரை அந்தச் சட்டையைக் கையிலிருந்து விடவில்லை.

வேறு வீடாக இருந்தால் வேலைக் களைப்பு என்று விட்டிருப்பார்கள். எங்களால் அப்படி நினைக்க முடியவில்லை. என் அப்பாவும் இப்படித்தான் சுவரைப் பார்த்து ஏழு மாசம் உட்கார்ந்திருந்தார். அதே மெலிவில் ஒரு காய்ச்சல் வந்து அண்ணனுக்கு இது வருவதற்கு ஐந்து வருஷம் முன்னால் இறந்துபோனார். அப்பாவின் அக்காளும், கல்யாணமாகிப் போன வீட்டில் ஓர் அறைக்குள் போனவர், சாகும் வரை வெளியே வந்து வெயிலைப் பார்க்கவில்லை. அந்த வீட்டு ரத்தமே அப்படி என்று தெருவில் பேசுவார்கள். மெதுவாகத்தான் பேசுவார்கள், ஆனால் எங்கள் காதில் விழும் அளவுக்கு. அந்தச் சமயம் பார்த்து என் தங்கை லூர்துவுக்கு மோகனூரிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சங்கதி வெளியே தெரிந்தால் அது முறிந்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம்.

சேலத்துக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினோம். அவர் நாடி பார்த்தார், நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், உடம்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அண்ணன் அதைக் குடிக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அம்மா அவருடைய கத்திரிக்கோலை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்தார். ஏன் என்று நானும் கேட்கவில்லை. தினமும் அரிசி அளக்கிறபோது அது என் கையில் இடறும்.

இப்போது எங்கள் தப்பைச் சொல்கிறேன். செபமாலையில் ஐந்து பத்துகள், ஒரு பத்துக்குப் பத்து மணி, மணிக்கு ஒரு செபம். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளைகள் மூவர் என்று ஐந்து பேர். விளக்கு வைத்ததும் ஆளுக்கு ஒரு பத்து சொல்வோம், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். அப்பா இறந்த பிறகு அவருடைய பத்தை அண்ணன் எடுத்துக்கொண்டார். அண்ணன் உட்கார்ந்துவிட்ட முதல் நாள் சாயங்காலம், அவருடைய முறை வந்தபோது உள் அறையிலிருந்து சத்தம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். இந்தப் பக்கம் செபம் நின்றால் அந்தப் பக்கம் தெரிந்துவிடும். அம்மா என் தொடையைக் கிள்ளினார்.

“நீயே சொல்லிப்போடு சாமி. பக்கத்தூட்டுக்காரங்க காதுல உழுந்துரும்.”

நான் சொன்னேன். நான் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள், சத்தத்துக்குக் குறைச்சல் இல்லை. பிறப்பிலேயே வாயாடி வேறு. அன்று முதல் அப்பாவின் பத்து, அண்ணனின் பத்து, என் பத்து என்று மூன்றையும் நானே சொன்னேன். எங்கேயும் இடைவெளி விழாமல், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கணீரென்று சொன்னேன். உங்கள் வீட்டுச் செபமாலை கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டம்மாள் கிணற்றடியில் ஒரு நாள் என்னைப் பாராட்டினார். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வாயால் நான் அண்ணனுக்காக வேண்டிக்கொண்டேன். மனசுக்குள் எனக்காக வேண்டிக்கொண்டேன். தாயே, இது எனக்கு வந்துவிடக் கூடாது என்பதுதான் என் உண்மையான செபம். அப்பாவுக்கு, அத்தைக்கு, இப்போது அண்ணனுக்கு என்றால், அடுத்தது நான்தானே? பள்ளிக்கூடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது என் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தால் திடுக்கிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வேன். காரணமில்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை வேர்க்கும். அண்ணனுக்குக் கஞ்சி கொண்டுபோய் வைத்துவிட்டு உடனே வந்துவிடுவேன். பக்கத்தில் உட்கார மாட்டேன். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தேன். சொந்த அண்ணன்.

பாஸ்கு வந்தது, போனது. அண்ணன் கஞ்சித் தண்ணீர் தவிர வேறெதுவும் தொடவில்லை. சித்திரையில் ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். கிணற்றுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார், தண்ணீர் சேந்த வந்தார் போலிருக்கிறது என்றார். அண்ணன் கையில் குடம் இல்லை. அதை அவரும் பார்த்திருப்பார், நாங்களும் பார்த்தோம். அம்மா அண்ணனுடைய காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலமும் விளக்கு வைத்துச் செபமாலை ஆரம்பித்தோம். லூர்து முதல் பத்தைச் சொன்னாள். அம்மா அழுதுகொண்டே இரண்டாவதைச் சொல்லி முடித்தார். மூன்றாவது என்னுடையது. ஏழாவது மணி வரை சொன்னேன். அதற்குமேல் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நெஞ்சு அடித்த அடியில் விளக்கு இரண்டாகத் தெரிந்தது. வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது என்று மட்டும் தோன்றியது. அம்மா என்னைப் பார்த்துவிட்டு லூர்துவைப் பார்த்தார். லூர்து பயத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். என் பத்தை எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் மௌனம் கேட்டிருக்கும். எனக்கு அதைப் பற்றிக்கூடக் கவலை வரவில்லை. தாயே, முடியவில்லை என்று மட்டும் உள்ளுக்குள் சொன்னேன். அத்தனை வாரத்தில் நான் பொய் இல்லாமல் செய்த செபம் அது ஒன்றுதான்.

உள் அறையில் பாய் சரசரத்தது. அண்ணன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரல் கரகரவென்று, பழகாத ஆளின் குரல் போல வந்தது.

“ஏழு ஆச்சு. இது எட்டாவது மணி. நீயே சொல்லு சாமி, நான் கூட வாரேன்.”

அவர் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். அன்று மட்டுமல்ல, தினமும். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பாதிச் சொல்லில் நின்றால் அவரும் நின்றார். எனக்கு மூச்சு வந்து நான் தொடங்கியதும் அவரும் தொடங்கினார். மீதி மூன்று மணியைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. நாலாவது, அண்ணனுடைய பத்து வந்தபோது பழக்கத்தில் நான் வாயைத் திறந்துவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். அண்ணன் இரண்டு மணி சொன்னார். அன்று அதற்குமேல் அவரால் முடியவில்லை. அங்கேயே செபத்தை முடித்துச் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தோம்.

சில நாள் கழித்து அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். “ஏனுங்ணா, அத்தன நாளும் கேட்டுட்டுத்தான இருந்தீங்க? ஏன் ஒரு வார்த்தகூடச் சொல்லல?” என்று கேட்டேன்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “அப்பன் பத்தை அப்பன் செத்தப்புறந்தான நாம எடுத்தோம்,” என்றார். “எம்பட பத்தை மொத நாளே எடுத்துப்போட்டீங்க. செரி, நம்மளயும் முடிச்சுட்டாங்கன்னு நெனச்சேன்.”

நான் அழுதேன். அவர் கஞ்சியைக் குடித்து முடித்தார்.

இதை அற்புதம் என்று நான் சொல்வது, அண்ணன் மறுநாளே எழுந்து தையல் கடைக்குப் போனார் என்பதற்காக அல்ல. அவர் போக ஆடி மாசம் ஆனது, அதுவும் மெஷின் மிதிக்க மட்டும். கத்திரிக்கோலை அம்மா இன்னும் தள்ளிப்போட்டு ஐப்பசியில்தான் கொடுத்தார். மோகனூர்க்காரர்கள் வந்தபோது அம்மாவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், அப்பாவைப் பற்றியும் அத்தையைப் பற்றியும்கூட. அவர்கள் மரியாதையாக மோர் குடித்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. லூர்துவை இரண்டு வருஷம் கழித்து அயோத்தியாப்பட்டணத்தில் கொடுத்தோம். எல்லாம் தெரிந்துதான் கட்டிக்கொண்டார் மாப்பிள்ளை. அற்புதம் என்று நான் சொல்வது வேறு. எனக்கு வரக் கூடாது என்று நான் கெஞ்சியதைச் சர்வேசுரன் எனக்கு வரவிட்டார். நான் விழுந்த இடத்தில்தான் என் அண்ணன் எழுந்தார். என் சத்தம் ஓயும் வரைக்கும் அவருடைய குரலுக்கு அந்த வீட்டில் இடமே இருக்கவில்லை.

1939இல் லூர்துவுக்குத் தலைப்பிரசவம். குழந்தை பிறந்த பத்தாம் நாள் அவளும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். பிள்ளை அழுதாலும் திரும்பவில்லை. அண்ணனும் நானும் போய் அவளோடு தங்கினோம். பிள்ளையைக் குளிப்பாட்டினோம், அவளுக்குச் சோறு ஊட்டினோம், ஒரு நிமிஷமும் தனியாக விடவில்லை. சாயங்காலம் செபமாலையில் அவளுடைய பத்து வந்தால் யாரும் வாய் திறக்க மாட்டோம். பத்து மணியையும் ஒவ்வொன்றாக விரலில் தள்ளிக்கொண்டு சும்மா இருப்போம். அவள் மாமியார் முதல் இரண்டு நாள் எங்களைப் பைத்தியம் என்றுதான் நினைத்தார். மூன்றாம் நாள் அவரும் வந்து உட்கார்ந்தார். நாங்கள் போன பத்தொன்பதாம் நாள், திரும்பிப் பார்க்காமலே, சுவரைப் பார்த்தபடியே லூர்து முதல் மணியைச் சொன்னாள். மாப்பிள்ளை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் அழுதார்.

எங்கள் ரத்தத்தில் இது இருக்கிறது. இல்லை என்று இனி யாரிடமும் பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் பயம் முழுதாக விடவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்ளும் நாட்கள் வருகின்றன. வந்தால் அண்ணனிடம் சொல்லிவிடுகிறேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு என்னோடு ராசிபுரம் சந்தை வரை நடந்துவிட்டு வருவார். தேவமாதா என்னைக் கைவிடவில்லை என்பதற்கு எனக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

உங்களில் யார் வீட்டிலாவது ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், தெரு கேட்கும் என்று பயந்து அவருடைய செபத்தை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். விளக்கு வையுங்கள். அவருக்குக் கேட்கிற தூரத்தில் உட்காருங்கள். அவருடைய முறை வரும்போது நிறுத்துங்கள். எத்தனை நாளானாலும் நிறுத்துங்கள். அவர் உயிரோடு இருக்கிறார் என்று நீங்கள் நம்புகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியட்டும்.