பலகையைக் காட்டி நின்ற படம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் படிவம் ஐந்தைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். கெடாவில் ஒரு சிறு நகரத்தின் நகராண்மைக் கழகத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது, மகன் சட்டம் எழுதுகிறான் என்று அம்மா எங்கள் ஊர் லூனாஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சட்டம் எழுதுவதைப் பற்றிப் படிக்கிற காலத்தில் என்னென்னவோ நினைத்திருந்தேன். ஆபிசில் அது வேறு மாதிரி நடந்தது. ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு துணைச்சட்டம் வேண்டும் என்றார் என் மேலதிகாரி. மலாய்க்காரப் பெண்மணி, நாங்கள் புவான் என்று கூப்பிடுவோம். ஏதோ ஒரு பெரிய நகரத்தின் சட்டத்தைக் கொடுத்து, நம் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொண்டுவரச் சொன்னார். நான் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினேன். மாட்டுக் கொட்டகை எந்த வீட்டிலிருந்தும் ஐம்பது மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி. நான் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவன். அங்கே வீட்டுக்கும் கொட்டாய்க்கும் நடுவில் ஒரு வாழைமரம் நிற்கும், அவ்வளவுதான். ஐம்பது மீட்டர் தள்ளினால் செம்பனை மரங்கள், கம்பெனி நிலம். அந்த வரியில் என் கை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். முதல் வரைவே சுத்தமாக இருக்கிறது என்று புவான் பாராட்டினார்.

வரைவை மாநிலத்துக்கு அனுப்பும் முன் முப்பது நாள் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். எங்கள் ஆபிசில் கேட்பது என்றால், மலாயில் அச்சடித்த அறிவிப்பை நாலைந்து இடங்களில் ஒட்டிப் படம் எடுத்துக் கோப்பில் சேர்ப்பது. வெறும் பலகையைப் படம் எடுத்தால் போதாது, ஆட்கள் நின்று பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்கு நீயே போ, தமிழில் விளக்கிச் சொல்லிவிட்டு வா என்றார் புவான். அவர் சொன்னார். அதை நான் இங்கே மறைக்கக் கூடாது.

ஒரு நாள் காலையில் கழுத்தில் ஆபிஸ் அட்டையோடு மோட்டாரில் போனேன். தோட்டத்து மண்டபத்துப் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தபோது, ஓர் அக்கா பசுவைக் கயிற்றில் பிடித்தபடி வந்து நின்றார். நான் கேட்காமலே பேச ஆரம்பித்தார். மூன்று மாடு. லயத்து வீடுகளுக்கும் ரோட்டோரத் தேத்தண்ணிக் கடைக்கும் பால் ஊற்றுகிறார். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு மாடுதான் சோறு போடுது என்றார்.

"இது என்னா சூராட்டு தம்பி?" என்று நான் ஒட்டிய தாளைப் பார்த்தார்.

"ஒன்னும் இல்லக்கா. ஆபிஸ் விசயம்லா."

சொல்லியிருந்தால் ஆட்சேபம் வந்திருக்கும். ஆட்சேபம் வந்தால் கூட்டம் போட்டு, அந்த விதியை மறுபடி எழுத வேண்டும். அது என் முதல் வரைவு. அதோடு, அங்கே உட்கார்ந்து பேசினால் நானும் லயத்துப் பையனாகிவிடுவேன் என்று இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

பலகைப் பக்கம் நின்று விரலால் காட்டச் சொன்னேன். எதுக்கு என்று கேட்டார். சும்மா, ரிப்போர்ட்டுக்கு என்றேன். இரு இரு என்று முடியை ஒதுக்கிக்கொண்டார். "கல்யாணத்துக்குப் பெறகு இன்னிக்கித்தான் ஒருத்தன் என்னை நிக்க வச்சு போட்டோ புடிக்கிறான்" என்று சிரித்தார். நீயும் பாருடி என்று பசுவின் கழுத்தைத் தட்டினார். படம் நன்றாக விழுந்தது.

முப்பது நாளில் ஒரு கடிதமும் வரவில்லை. ஆட்சேபம் இல்லை என்று நானே எழுதினேன். படத்தின் அடியில், குடியிருப்பாளர்கள் வரைவைப் படித்து அறிந்துகொள்கிறார்கள் என்று ஒரு வரி சேர்த்தேன். சட்டம் அரசிதழில் வந்தது.

சில மாதம் கழித்து அந்த அக்கா கௌண்டருக்கு வந்தார். கொட்டாயைப் பிரிக்கச் சொல்லும் நோட்டிஸ் கையில் இருந்தது. நல்லவேள, தெரிஞ்ச தம்பி இருக்கு என்றார். மேல்முறையீடு எழுதித் தரச் சொன்னார். லயத்தில் ஐம்பது மீட்டருக்கு இடமே கிடையாது, மாடுதான் பிழைப்பு என்று மலாயில் எழுதிக் கொடுத்தேன். எங்களுக்கு யாரும் விளக்கவில்லை என்பதை மட்டும் எழுதவில்லை. மறுநாள் அந்தக் கடிதம், பதில் தயாரிக்கச் சொல்லி என் மேசைக்கே வந்தது.

புவானுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோப்பைத் திறந்து படத்தைக் காட்டினார். இந்த அம்மாதானே, படித்துவிட்டு ஏன் அப்போதே சொல்லவில்லை என்றார். நீ விளக்கினாய்தானே என்று என்னைக் கேட்டார்.

ஆமாம் என்றேன்.

முறையீட்டை ஏற்க முடியாது என்ற பதிலையும் நானே தட்டச்சு செய்தேன்.

மாடுகளை லோரியில் ஏற்றி அனுப்பிய பிறகு அக்கா இன்னொரு தடவை வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அன்னிக்கி புடிச்சியே போட்டோ, அதுல என் மாடும் இருந்துச்சில்ல? ஒரு காப்பி குடு தம்பி. அதுவாச்சும் இருக்கட்டும்."

கணினியில் பலகையை வெட்டி எடுத்துவிட்டு, அவரும் பசுவும் மட்டும் தெரிகிற மாதிரி அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் பசுவின் முகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு படத்தில் நீட்டியிருந்த தன் கையைப் பார்த்தார்.

"எதையோ காட்டிக்கிட்டு நிக்கிறேன். எத தம்பி?"

அப்போதுதான் சொன்னேன். இந்தச் சட்டத்தைத்தான் காட்டினீங்க, எழுதினது நான்தான், அன்றைக்கே சொல்லியிருந்தா மாத்தியிருக்கலாம், நான் சொல்லல என்றேன். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

அவர் திட்டவில்லை. படத்தை மடிக்காமல் பைக்குள் வைத்து, பையின் வாயை மூடினார்.

"சரிங்க சார்" என்றார். "வரேன்."