இரவல் சாமானும் ஒரு குழாயும்

இஸ்திரிக்காரிக்கு ரோஷம் கொஞ்சம் தூக்கல். போன தடவை ஆபீஸ்காரர் ஒருவர் வந்து வருமானம் எவ்வளவு என்று மட்டும் கேட்டபோது, சம்பந்தி வீட்டாரிடம் சொல்வதுபோல் கூட்டிச் சொல்லி அனுப்பினாள். அவள் குடியிருந்த சந்தே அப்படித்தான். குறையில்லாத இடம் என்று முடிவாகி, வரவேண்டிய தண்ணீர்க் குழாய் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

இந்த முறை வந்தது ஒரு கணக்கெடுப்புக்காரப் பெண். வருமானத்தோடு விடவில்லை. அடுப்பு, கக்கூஸ், தண்ணீர், பிள்ளைகள் படிப்பு என்று துருவித் துருவிக் கேட்டாள். அவள் வருவது முன்னாலேயே தெரிந்துபோனதுதான் வினை. யார் வீட்டுக்கு ஆள் வந்தாலும் சந்திலுள்ள நல்ல சாமான்கள் அங்கே ஓடிவிடும். கொத்தனார் வீட்டு நாற்காலி, தையல்காரர் வீட்டு ஃபேன், மெக்கானிக் பெண்டாட்டியின் கேஸ் அடுப்பு எல்லாம் இஸ்திரிக்காரியின் ஒற்றை அறைக்குக் குடிவந்திருந்தன. அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

“தண்ணிக்கு என்ன பண்றீங்க?”

“அதுக்கென்ன குறைச்சல்.”

சொல்லி வாய் மூடவில்லை, மகள் இடுப்பில் குடத்தோடு உள்ளே வந்தாள். பள்ளிச் சீருடை தொப்பலாக நனைந்திருந்தது.

“இன்னிக்கு ஸ்கூல் இல்லையா பாப்பா?”

“இருக்குக்கா. தண்ணி லாரி வர்றதும் பெல் அடிக்கிறதும் ஒரே நேரம். தினமும் ரெண்டாவது பீரியடுக்குத்தான் போவேன்.”

இஸ்திரிக்காரியின் முகம் செத்துப்போயிற்று. தன் ரோஷத்துக்குக் குடம் சுமப்பது மகள் என்று அப்போதுதான் உறைத்தது.

“எழுதினதை அடிச்சிட்டு எழுதுங்கம்மா. அடுப்பு மெக்கானிக் வீட்டுது. எனக்கு விறகுதான்.”

“ஃபேன்?”

“அதுவும் இரவல். நீங்க உக்காந்திருக்கிற சேரும்தான். அதுக்காக எழுந்துக்காதீங்க, சாயங்காலம் வரைக்கும் நம்மளுது.”

வந்தவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் பெண்டாட்டி, “என் வீட்டுக்கு வரும்போது இந்த அடுப்பை மட்டும் எழுதிக்கோங்க. மத்தது எதுவும் என்னுது இல்ல,” என்றாள். அன்றைக்குச் சந்து முழுக்க வெட்கத்தை விட்டு உள்ளதைச் சொன்னது.

மழைக்காலம் முடிவதற்குள் குழாய் வந்துவிட்டது. விடிகாலையில் திறந்தால் தண்ணீர். இஸ்திரிக்காரி துணிக்குத் தண்ணீர் தெளிப்பதில்கூட ஒரு தாராளம் வந்தது. தண்ணீர் வந்த முதல் நாள் மகள் மணியடிக்கும் முன்பே பள்ளிக்குக் கிளம்பினாள்.

சாயங்காலம் பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: “முதல் பீரியடு டீச்சர், நீ புதுசா சேர்ந்த பொண்ணான்னு கேட்டாங்கம்மா.”

இஸ்திரிக்காரிக்குச் சிரிப்பு வந்தது.

“நாளைக்கும் கேட்டா ஆமான்னு சொல்லு,” என்றாள்.