தலைகீழாக அளந்த கண்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில், இஸ்தோப்பு என்னும் முன்திண்ணையின் குறுக்கே, கூரையைத் தாங்கி ஓர் இரும்புக் குழாய் போகிறது. உர மூட்டை சுமந்து இடுப்பு விட்டுப்போன அப்பா, தினமும் காலையில் முழங்காலை அதில் மடக்கிக் கொளுவி, தலைகீழாகத் தொங்குவார். தொங்கினால்தான் வலி விடும். "வௌவாலுக்கு வாக்கப்பட்டுருக்கேன்," என்பார் அம்மா, கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டே.

போன வருடம் கண் கிளினிக்கில், அப்பாவின் கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்றார்கள். ஓரப் பார்வை கொஞ்சம் போயிருந்தது. போனது திரும்பாது, இருப்பதைக் காக்கச் சொட்டு மருந்து தந்தார்கள். தலைகீழாகத் தொங்கினால் அந்த அழுத்தம் இன்னும் ஏறும் என்று பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். சொல்லாமல் எப்படி இருப்பது?

"இறங்குனதும் மங்கலா இருக்குன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?"

"அழுக்கு எறங்குது. பொறகு பளிச்சுன்னு தெரியுதே. என் கண்ணைப் பத்தி ஒன் புஸ்தகத்துக்கு என்னடா தெரியும்?"

இரண்டு வாரம் வாதாடித் தோற்றேன். பிறகுதான் உறைத்தது. கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைத் தன் கண்ணால் பார்க்காமல் எங்கள் ஆட்கள் யாரும் நிறையை ஒத்துக்கொள்வதில்லை. அப்பாவுக்கும் முள்ளைத்தான் காட்ட வேண்டும்.

அடுத்த கிளினிக்கில், உட்கார வைத்தும் தலையைத் தொங்கவிட்டும் அளந்து காட்ட முடியுமா என்று டாக்டரிடம் சிங்களத்தில் கேட்டேன். சிரித்தார், ஆனால் ஒப்புக்கொண்டார். கண் மரக்க மருந்து விட்டு, பேனா போன்ற கருவியால் தொட்டார். உட்கார்ந்தபோது பத்தொன்பது. கட்டில் விளிம்புக்கு வெளியே தலையைத் தொங்கவிட்டு, சற்றுப் பொறுத்து அளந்தபோது முப்பத்து மூன்று.

அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். படுத்தபடியே கருவியைப் பார்த்தார்.

"இன்னொருக்கா அளக்கச் சொல்லு."

முப்பத்து நாலு.

எழுந்து உட்கார்ந்தார். "சரிடா. கொழாய் வேணாம். இடுப்புக்கு வேற வழி கேளு."

தரையில் படுத்துச் செய்யும் பயிற்சிகளை அங்கேயே சொல்லிக்கொடுத்தார்கள். அப்பா ஒருநாளும் தவறவிடவில்லை.

இந்த மாதம் பார்வைப் பரப்பை மறுபடி சோதித்தார்கள். டாக்டர் பழைய தாளையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பார்வை போன இடத்தைக் காட்டும் கறுப்பு நிழல் வளரவில்லை.

"அப்பா, ஒரு புள்ளிகூடக் கொறையலை." தேவைக்கு மேலேயே சத்தமாகச் சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும் பெஞ்சில் இருந்த ஓர் அம்மா தன் கிளினிக் துண்டுச் சீட்டை நீட்டினார். "தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்றீங்களா?"

நான் வாய் திறக்குமுன் அப்பா அவர் பக்கத்தில் எனக்கு இடம் ஒதுக்கினார். "கேளுங்கக்கா. எம் மகன் வெவரமா சொல்லுவான்."